பதினெட்டுக்கு ஒன்று குறைவு

செப்டம்பர் 15, ஞாயிறு

காலிறுதியில் ஜெயித்துவிட்டோம்! முதலில் அதை எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

மண்டலக் கோப்பை பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டியில் நாலு பெண்கள் சேர்ந்த அணி ஒன்று அரையிறுதிக்கு வந்தது இதுதான் முதல் தடவையாம். ஒரு மேஜையில் நானும் ஸ்டெல்லாவும். இன்னொரு மேஜையில் தனபாக்கியமும் அவள் தங்கை ஹேமலதாவும். ஸ்டெல்லா கோர்ட்டில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் கையில் ஒரு வழக்குக் கட்டு மாறவில்லை, ஒரு தாள் தொலையவில்லை. பிரிவு உபசாரத்தில் ஜட்ஜே அதைச் சொல்லிக் கும்பிட்டாராம். நான் மட்டும் லேசுப்பட்டவளா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர். நானூறு நம்பர் மனப்பாடம். இந்த இரண்டு தலையும் ஒரு மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

ஒரே ஒரு உறுத்தல். பதினோராவது ஆட்டத்தில் நான் 'ஒரு ஹார்ட்' என்று ஏலத்தைத் திறந்தேன். ஆட்டம் முடிந்து என் சீட்டுகளைப் பார்த்த எதிராளி, நடுவரைக் கூப்பிட்டுவிட்டார். பதினெட்டு விதிக்கு ஒன்று குறைகிறதாம்.

அது என்ன விதி என்று இவர் கேட்டார். இவர் என்றால் என் வீட்டுக்காரர், மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். பிரிட்ஜ் என்றால் இவருக்குப் பாலம்தான். சொன்னேன்: பெரிய சீட்டுக்குப் புள்ளி உண்டு. ஏஸ் நாலு, ராஜா மூன்று, ராணி இரண்டு, ஜாக்கி ஒன்று. அதைக் கூட்டி, கையில் எந்த இரண்டு இனம் அதிகமோ அந்தச் சீட்டுகளின் எண்ணிக்கையையும் சேர்க்க வேண்டும். பதினெட்டு வந்தால், இத்தனை சுற்றுப் பிடி எடுப்போம் என்று ஏலத்தைத் திறக்கலாம். வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு 'பாஸ்' சொல்ல வேண்டும். யாராவது ஜோடி, பதினேழிலும் திறப்போம் என்று இரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டால் எதிராளி கதை கந்தல். அதனால்தான் இந்த விதி.

"அப்ப நீ பதினேழுல தொறந்துட்டயா?" என்றார்.

"துணிச்சலான ஏலம்," என்றேன். நடுவர் எச்சரித்து எழுதிக்கொண்டு போய்விட்டார். இதெல்லாம் ஒரு விஷயமா?

செப்டம்பர் 17, செவ்வாய்

இந்தப் பேப்பர்காரர்களுக்கு மை வாங்கக்கூடக் கையாலாகவில்லை போலிருக்கிறது. எழுத்தெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. தலைப்பு மட்டும் படித்தேன்.

மார்க்கெட்டுக்குப் போகப் பதினோராம் நம்பர் பஸ் என்று ஏறினேன். அது பதினேழு. கண்டக்டர் பையன், "போர்டு பாக்காம ஏறுறீங்களே பாட்டிம்மா" என்கிறான். பாட்டிம்மாவாம்! போர்டைக் கோணலாக எழுதி வைத்தவனை யாரும் கேட்பதில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஸ்டெல்லா வீட்டில் பயிற்சி. இரண்டு தடவை இனம் மாற்றிச் சீட்டைப் போட்டேன். சட்டப்படி தண்டனை ஒரு பிடி, இரண்டு பிடி என்று ஸ்டெல்லா மனப்பாடமாகச் சொன்னாள். அவள் வீட்டு ஹாலில் வெளிச்சம் போதாது.

திரும்பி வந்தால், இவர் நம் ஹாலில் பெரிய பல்ப் ஒன்று மாட்டி வைத்திருக்கிறார். கேட்டால், "சும்மாதான் அம்மிணி" என்கிறார். சும்மா ஸ்டூல் மேல் ஏறுகிற வயசா இது? திட்டினேன். பிறகு ஒரு கண் ஆஸ்பத்திரியின் நோட்டீஸை டீப்பாயில் வைத்தார். பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டேன்.

இந்த வருஷத்து டைரியில் தாள் சிறிது. ஒரு பக்கத்தில் பத்து வரிதான் பிடிக்கிறது.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஜெயித்தோம். ஜெயித்தோம். ஜெயித்தோம்!

வைத்தீஸ்வரன் அணியை! ஆடிட்டர் வைத்தீஸ்வரன் நாலு தடவை கோப்பை வாங்கியவர். எதிராளி சீட்டை வைக்கும்போது அவர் பார்க்கிற பார்வையிலேயே பாதிப் பேருக்குக் கை நடுங்கும். ஏழு புள்ளியில் தோற்று எழுந்தார். எல்லாம் பத்தொன்பதாவது ஆட்டத்தில் நடந்தது.

நான் ஒரு ஹார்ட் என்று திறந்தேன். அவர்கள் ஏலத்தை ஏற்றி ஒன்பது பிடி எடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். அவர்தான் ஆடுகிறார். டைமண்ட் ராணி யாரிடம் என்பதுதான் கேள்வி. எனக்கு ஹார்ட் நிறைய, அதனால் டைமண்ட் குறைவாக இருக்கும், ராணி ஸ்டெல்லாவிடம்தான் என்று கணக்குப் போட்டார். ராஜாவை இழுத்தார், நான் இரண்டைப் போட்டேன். ஜாக்கியை ஓட்டினார், நான் ஏழைப் போட்டேன். ஜாக்கி பிடி எடுத்தது. ராணி ஸ்டெல்லாவிடம் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. பத்தை ஓட்டினார். ராணியை எடுத்து மேலே போட்டேன்!

மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அந்த ஒரு பிடியில் ஆட்டம் கவிழ்ந்தது. இரண்டு மேஜையிலும் ஒரே சீட்டுகள்தான், பக்கம் மட்டும் மாறும்; அந்தப் பக்க மேஜையில் தனபாக்கியம் வைத்தீஸ்வரனின் அதே கையை ஆடி ஜெயித்திருந்தாள். பத்துப் புள்ளி எங்களுக்கு.

வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். "ராணியக் கைல வெச்சுட்டு ஜாக்கிய விட்டுக் குடுத்தீங்களே, என்ன தில்லுங்க உங்களுக்கு!" என்றார் ஒருவர். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். ஸ்டெல்லா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைத்தீஸ்வரன் என் சீட்டுகளை வாங்கி விரித்து எண்ணினார். "ஒம்பது புள்ளி. நாலு ஹார்ட், நாலு டைமண்ட். பதினேழு" என்றார். நடுவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தோற்றவர் எதையாவது எழுதிக் கொடுக்கத்தான் செய்வார்.

செப்டம்பர் 30, திங்கள்

காலையிலிருந்து ஒன்பது போன். எல்லாரும் ராணியைப் பற்றியே கேட்கிறார்கள். சேலத்திலிருந்து ஒருவர், தங்கள் கிளப்பில் பாடமாக நடத்தலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன்.

ரசத்தில் பூச்சி என்று இவர் தட்டைத் தள்ளி வைத்தார். கடுகுதான். இரண்டு, மூன்றுதான் பூச்சி.

அக்டோபர் 1, செவ்வாய்

சங்கத்திலிருந்து கடிதம். எழுத்து பொடி. இவர்தான் வாசித்தார்.

விதி ஏழு, பிரிவு ஆ: ஒரே ஜோடி ஒரே போட்டியில் இரண்டு முறை பதினெட்டுக்குக் குறைந்த கையோடு ஏலத்தைத் திறந்தால், அவர்களுக்குள் வெளியே சொல்லாத ஒப்பந்தம் இருப்பதாகக் கொள்ளப்படும். அரையிறுதி வெற்றி ரத்தாகும். இருவரும் இரண்டு வருஷம் எங்கும் ஆட முடியாது. பெயர்கள் சங்கப் பலகையில் ஒட்டப்படும். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் குழுவின் விசாரணை, இப்ராஹிம் சார் தலைமையில்.

"இரகசிய ஒப்பந்தம்னா என்ன அம்மிணி அர்த்தம்?" என்று கேட்டார் இவர்.

ஏமாற்றுக்காரிகள் என்று அர்த்தம்.

ஸ்டெல்லாவின் பெயர் பலகையில்! கோர்ட்டில் ஒரு டீ கூட யாரிடமும் ஓசியில் குடிக்காதவள்.

அக்டோபர் 3, வியாழன்

ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். விதிப் புத்தகத்தை வழக்குக் கட்டு மாதிரி நாடா போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் குறிப்பு.

"பிரிவு அ கணக்கு. பிரிவு ஆ ரெண்டு தடவை. பிரிவு இ-ன்னு ஒண்ணு இருக்குங்கக்கா, யாரும் படிக்கறதில்ல," என்றாள். வாசித்துக் காட்டினாள்: 'குறைந்த கை தவறுதலாக நேர்ந்தது என்று குழு நேரில் திருப்தி அடைந்தால் பிரிவு ஆ பொருந்தாது.'

"தவறுதலா? நான் தெரிஞ்சேதான் கேட்டேன். துணிச்சல்," என்றேன்.

அவள் ஒரு முழுநீளத் தாளை எடுத்தாள். அதில் என் இரண்டு கைகளும் எழுதியிருந்தன, காலிறுதியில் ஒன்று, அரையிறுதியில் ஒன்று. எனக்காகப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். அது அப்போதே எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"மொதக் கையில டைமண்ட் பத்து, ஏழு. ரெண்டாவதுல ராணி, ஆறு. இந்த டைமண்ட எடுத்து ஹார்ட் பக்கம் வெச்சுக் கூட்டிப் பாருங்கக்கா."

கூட்டினேன். ஆறு ஹார்ட், அடுத்த இனம் மூன்று, புள்ளி ஒன்பது. பதினெட்டு. அடுத்த கையிலும் ஆறு, மூன்று, ஒன்பது. பதினெட்டு.

"நீங்க பதினேழுல தொறக்கற ஆளே இல்லீங்க. எட்டு வருசமா உங்க எதுக்க உக்காந்திருக்கேன். ரெண்டு தடவையும் சரியாப் பதினெட்டுலதான் தொறந்திருக்கீங்க. சீட்டுதான் வேற."

"தற்செயல்," என்றேன். "உனக்குக் கோர்ட் புத்தி. எல்லாத்துலயும் ஒரு கேஸ் கட்டாம இருக்க மாட்ட."

"இருக்கட்டும்க்கா. குழு முன்னால நான் இதச் சொல்ல மாட்டேன். உங்க கண்ணு உங்க விசயம்."

"அப்ப உன் பேரு?"

"போனாப் போகட்டும்," என்றாள். உடனே எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. வீடு ஒட்டடை அடித்தேன். பாதி அப்படியே இருக்கிறது என்று இவர் மறுபடி அடித்தார்.

அக்டோபர் 5, சனி

பட்டப்பகல், பதினொரு மணி, ஜன்னல் ஓரம். ஒரு கட்டுச் சீட்டிலிருந்து சிவப்பு இருபத்தாறையும் எடுத்துக் கலைத்தேன். ஹார்ட் ஒரு பக்கம், டைமண்ட் ஒரு பக்கம் அடுக்கினேன். சரியாகத்தான் அடுக்கினேன். இவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

இவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். மூன்று சீட்டை எடுத்து மறுபக்கம் மாற்றி வைத்தார்.

"எத்தன நாளாத் தெரியுமுங்க?" என்று கேட்டேன்.

"நாலு மாசம் இருக்கும் அம்மிணி. நீ சீனி டப்பாவுல உப்பக் கொட்டுன அன்னிக்கிருந்து."

"சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"உங்கிட்டயா?" என்றார்.

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. டைரியில்கூட நான் உண்மையை எழுதவில்லை. பேப்பர் மை, பஸ் போர்டு, ஸ்டெல்லா வீட்டு லைட் என்று யார் யாரையோ குற்றம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். எக்ஸ்சேஞ்சில் நூற்றிருபது விளக்கு ஒரே நேரத்தில் மின்னினாலும் எது எந்த லைன் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். அந்தக் கண் எனக்கு ஹார்ட்டையும் டைமண்டையும் குழப்புகிறது என்று எப்படி வாய்விட்டுச் சொல்ல?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த ராணி. அதை நான் ஒளித்து வைக்கவில்லை. கையில் டைமண்ட் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, எதைக் கழிக்கலாம் என்று தேடினேன். ஹார்ட் என்று நினைத்திருந்த ராணியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தபோதுதான் அது டைமண்ட் என்று தெரிந்தது. போட்டேன். ஊரே கை தட்டியது. நானும் வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அந்தக் கைதட்டலையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். சேலத்தில் பாடம் வேறு நடத்துகிறார்கள்.

வெட்கக்கேடு. கைதட்டலுக்கு ஆசைப்பட்டு ஸ்டெல்லாவைப் பலகையில் தொங்கவிட இருந்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

கிளப் ஹாலில் முப்பது பேருக்கு மேல். நடு மேஜையில் இப்ராஹிம் சார், காலேஜ் பிரின்சிபாலாக இருந்தவர், இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். வைத்தீஸ்வரன் எழுந்து ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். இரண்டு கை, இரண்டு பதினேழு, ஒரே ஜோடி, பிரிவு ஆ. "தனிப்பட்ட முறையில எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல சார். விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்றார். தப்பில்லாத பேச்சு.

ஸ்டெல்லா எழுந்தாள். இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவை, கையில் நாடாக் கட்டு. ஒப்பந்தம் என்றால் இருவர் மனமும் ஒன்றுபட வேண்டும், அதற்குச் சாட்சி எங்கே என்றாள். எட்டு வருஷ ஆட்டக் குறிப்புகளை எடுத்து வைத்தாள். இந்த இரண்டைத் தவிர ஒரு கைகூடப் பதினெட்டுக்குக் குறைந்ததில்லை. அழகாகத்தான் வாதாடினாள். ஆனால் பிரிவு இ-யை வாயிலேயே எடுக்கவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள்.

இப்ராஹிம் சார் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் சரிம்மா. ஆனா ரெண்டு தடவைன்னு விதி தெளிவாச் சொல்லுது. நாங்க என்ன பண்றது?"

ஸ்டெல்லா கட்டின் நாடாவை இறுக்கிக் கட்டினாள். முப்பத்தோரு வருஷம் மற்றவர்கள் தீர்ப்பை எழுதி அடுக்கியவள் கூண்டில் நிற்பது போல நின்றாள். என்னால் தாங்க முடியவில்லை. நாற்காலி பின்னால் சாய எழுந்துவிட்டேன்.

"சார், ஒப்பந்தமும் இல்ல, துணிச்சலும் இல்லீங்க. எனக்குக் கண்ணு தெரியல," என்றேன்.

ஒரு முறை சொல்லிவிட்டால் அப்புறம் சுலபமாகத்தான் இருக்கிறது. மடமடவென்று கொட்டினேன். நாலு மாசமாகச் சிவப்புச் சீட்டு குழம்புவதையும், இரண்டு கையிலும் டைமண்டை ஹார்ட் என்று எண்ணியதையும் சொன்னேன். "பிரிவு இ படிங்க சார். ஸ்டெல்லாவுக்கு அது தெரியும். என் மானத்துக்காக வாய மூடிட்டு நிக்கறா," என்றேன்.

"அக்கா!" என்றாள் ஸ்டெல்லா.

"நீ உக்காரு."

வைத்தீஸ்வரன் மெதுவாகச் சிரித்தார். "வசதியான கண்ணுங்க."

இப்ராஹிம் சார் பிரிவு இ-யைப் படித்தார். "நேரில் திருப்தி அடைந்தால்னு இருக்கு. சரி, நேர்லயே பாத்துடலாம்." சிவப்புச் சீட்டு இருபத்தாறையும் கலைத்து என் முன்னால் வைத்தார். முப்பது பேர் சுற்றி நின்றார்கள். பாருங்கள், அந்த நேரத்திலும் உள்ளுக்குள் ஒரு கழுதை மனசு, ஒழுங்காகப் பிரித்துக் காட்டு, மானத்தைக் காப்பாற்று என்கிறது! நிஜமாகவே உயிரைக் கொடுத்துத்தான் பிரித்தேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் மங்கலாக ஒரே சிவப்பாக இருந்தது. முடித்துக் கையை எடுத்தேன். ஐந்து தப்பு.

பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"நடிக்கலாமே சார்," என்றார் வைத்தீஸ்வரன். ஆனால் குரலில் பழைய சுருதி இல்லை.

"நியாயம்," என்றார் இப்ராஹிம் சார். "நடிக்கலாம். அதனால உங்களையே கேக்கறேன். பத்தொம்பதாவது ஆட்டம். நீங்க ஜாக்கிய ஓட்டறீங்க. இந்தம்மா கையில ராணி இருக்கு. கண்ணு நல்லாத் தெரியற ஒருத்தர் அந்த எடத்துல ராணியப் போடாம விடுவாங்களா?"

வைத்தீஸ்வரன் கண்ணை மூடி அந்த ஆட்டத்தை மறுபடி ஆடிப் பார்ப்பது தெரிந்தது. என்ன இருந்தாலும் ஆட்டக்காரர். பிறகு பல்லைப் பிடுங்குகிற மாதிரி சொன்னார்:

"மாட்டாங்க சார். விட்டா எனக்கு ஒம்பது பிடி தயார். நான் அடுத்தாப்ல ஏஸ இழுத்திருந்தா ஜெயிச்சிருப்பேன். அது பைத்தியக்காரத்தனமான ஆட்டம். ராணிய அங்க விடறவங்க ஒண்ணு மேதை, இல்ல ராணியவே பாக்காதவங்க."

இப்ராஹிம் சார் என் பக்கம் திரும்பினார். "நீங்க மேதையாம்மா?"

சேலம், பாடம், ஒன்பது போன் எல்லாம் ஒரு தடவை மனசில் வந்து போயின.

"இல்லீங்க சார். நான் பாக்கவே இல்ல," என்றேன்.

முதலில் சிரித்தது வைத்தீஸ்வரன்தான். பிறகு ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். இத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்து நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

தீர்ப்பைப் பத்து நிமிஷத்தில் எழுதினார்கள். பிரிவு ஆ பொருந்தாது. ஒப்பந்தம் எதுவும் இல்லை. அரையிறுதி வெற்றி நிற்கும். 'திருமதி ஸ்டெல்லா ராஜமணி மீது எந்தக் களங்கமும் இல்லை' என்று தனி வரியாகவே எழுதச் சொன்னேன், எழுதினார்கள். ஸ்டெல்லா நகல் கேட்டு வாங்கி, கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டு நன்றாக அழுதேன். அவ்வளவு ஆனந்தம் எனக்கு.

வாசலில் வைத்தீஸ்வரன் வந்தார். "எந்த ஆஸ்பத்திரிக்குப் போறீங்க? எங்கம்மாவுக்குப் பண்ணின டாக்டர் நம்பர் தரட்டுங்களா?" என்றார். வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்கா நாலு மாசம் பயந்தேன்? இந்த வரிகளை நான் சொல்ல இவர் எழுதுகிறார். இவர் கையெழுத்து சகிக்காது என்பதையும் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டார்.

அக்டோபர் 12, சனி

ஐயோ, இந்த வீடு இவ்வளவு அழுக்கா?

இவருக்கு மீசையில் இத்தனை நரை எப்போது வந்தது? நல்லாத்தான் இருக்கிறது. வேப்பமரத்தில் இலை இலையாகத் தெரிகிறது. சீட்டுக்கட்டை எடுத்தேன். ஹார்ட் ஹார்ட்டாக, டைமண்ட் டைமண்டாக, ரத்தச் சிவப்பில். ஒரு மணி நேரம் சும்மா பிரித்துப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். லைட்டுக்குக் கீழேயும்தான்.

அக்டோபர் 20, ஞாயிறு

பயிற்சி. ஒரு தப்பு இல்லை. ஸ்டெல்லா வீட்டு ஹாலில் வெளிச்சம் தாராளமாகத்தான் இருக்கிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பல்புகிட்டயும் கேளுங்கக்கா," என்றாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

இறுதிப் போட்டி. எதிரணி சேலம். பாடம் நடத்தலாமா என்று கேட்டார்களே, அவர்களேதான்.

கறுப்புக் கண்ணாடியோடு, இவர் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். சேலத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விசாரணைக் கதை ஊரெல்லாம் போயிருக்கிறது. "வாங்கம்மா, பாத்து, நாற்காலி இங்க இருக்குங்க," என்று ஒருவர் எனக்கு வழி காட்டினார். நல்ல மனுஷர். ஆபரேஷன் ஆகிவிட்டது, நன்றாகத் தெரிகிறது என்று சொன்னேன். "ஆமாங்கம்மா, ஆமாங்கம்மா," என்று குழந்தையிடம் சொல்கிற மாதிரி சொன்னார். அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?

மத்தியானம் வரை இழுபறி. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் மூன்று புள்ளி பின்னால் இருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைசிக் கை. எடுத்தேன், பிரித்தேன். ஆறு ஹார்ட், நாலு டைமண்ட். பன்னிரண்டு புள்ளி. இருபத்திரண்டு! விதி கேட்பதற்கு மேல் நாலு. ஒரு ஹார்ட் என்று திறந்தேன்.

என் இடது பக்கத்து ஆட்டக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்டெல்லாவிடம் கேட்டார். ஜோடியின் ஏலத்துக்கு என்ன அர்த்தம் என்று எதிராளி கேட்டால் விளக்க வேண்டும். அதுவும் விதிதான். "உங்க பார்ட்னர் ஒரு ஹார்ட்டுன்னா என்னங்க அர்த்தம்?"

ஸ்டெல்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோர்ட்டில் சாட்சியைக் கூப்பிடுகிற அதே குரல். "பதினெட்டுக்குக் குறையாதுங்க. அஞ்சு ஹார்ட்டுக்குக் குறையாது. எங்கக்கா ஒண்ணு சொன்னா அது அப்படியே இருக்கும்."

"அவங்க நெனைக்கறது அப்படி இருக்கும்," என்றார் அவர். மேஜையில் லேசான சிரிப்பு.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. ஏலம் அவள் முறைக்கு வந்ததும் ஒரே தாவலில் நாலு ஹார்ட்டுக்கு ஏற்றினாள். பத்துப் பிடி எடுத்தாக வேண்டும். என் பேச்சை நம்பிக் கோப்பையையே நடு மேஜையில் வைத்துவிட்டாள்.

"டபுள்," என்றார் சேலத்துக்காரர், யோசிக்கவே இல்லை. தோற்றால் இரட்டிப்பு நஷ்டம், ஜெயித்தால் இரட்டிப்பு லாபம். பாதி ஹார்ட் டைமண்டாகத்தான் இருக்கும் என்று முடிவே கட்டிவிட்டார்.

ஹார்ட்டை முதலில் கேட்டவள் நான் என்பதால் இரண்டு கையையும் நானே ஆட வேண்டும்; ஸ்டெல்லா தன் சீட்டுகளை மேஜையில் விரித்தாள். நான் ஒவ்வொரு சீட்டாக, நிதானமாக, பெயர் சொல்லி ஆடினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது பிடியில் அவர் முகத்தில் சிரிப்பு போயிற்று. ஏழாவதில் தன் ஜோடியைப் பார்த்தார். பத்தாவது பிடியை ஹார்ட் ஒன்பதால் எடுத்து மேஜையில் வைத்தேன்.

அந்தப் பக்க மேஜையில் இதே நாலு ஹார்ட்டை அவர்கள் ஆடிப் பத்துப் பிடி எடுத்திருந்தார்கள், ஆனால் அங்கே டபுள் இல்லை. டபுளுக்கு மட்டும் எங்களுக்கு ஐந்து புள்ளி. இரண்டு புள்ளியில் மண்டலக் கோப்பை எங்களுக்கு!

தனபாக்கியமும் ஹேமலதாவும் அந்த அறையிலிருந்து கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்திருந்த வைத்தீஸ்வரன் எல்லாரையும் விட சத்தமாகக் கை தட்டினார். இந்தக் கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. முழுசாக வாங்கிக்கொண்டேன்.

சேலத்துக்காரர் எழுந்து வந்தார். "நீங்க சரியாத்தாம்மா சொன்னீங்க. நாங்கதான் நம்பல," என்றார்.

"என்னக் கேக்கலீங்களே தம்பி. அவளக் கேட்டீங்க, அவளும் சொன்னாளே," என்றேன்.

கோப்பையை ஸ்டெல்லா கையில்தான் கொடுக்கச் சொன்னேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடியில் நாலு பெயரும் வெட்ட இடம் இருக்கிறதா என்று இப்ராஹிம் சாரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். இருக்கிறதாம்.